தொழிற்பிரிவில் சேர்க்கலாமா?

பத்தாம் வகுப்பு முடிவு வந்த வாரத்தில் எந்த அரசு மேல்நிலைப் பள்ளி அலுவலகத்தின் முன்னால் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும். "பையனுக்கு மேத்ஸ் வரலைங்க. வொக்கேஷனல் குரூப்புல போட்டுடலாம், ஈஸியா பாஸ் பண்ணிடுவான்" என்பார் ஆசிரியர். விண்ணப்பத்தைக் கையில் வைத்திருக்கும் அப்பா தயங்கித் தயங்கி, "அதுல போட்டா பின்னாடி காலேஜுக்குப் போக முடியுங்களா சார்?" என்று கேட்பார். வரிசையில் இன்னும் இருபது பேர் நிற்பார்கள். "அதெல்லாம் போகலாம், கையெழுத்துப் போடுங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

அந்த அப்பாவுக்குக் கிடைக்காத முழுப் பதிலைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன். உங்கள் பிள்ளையும் அந்த வரிசைக்கு வரப்போகிறது என்றால் பத்து நிமிடம் ஒதுக்கிப் படியுங்கள். தொழிற்பிரிவு நல்லதா கெட்டதா என்று ஒரே சொல்லில் தீர்ப்புச் சொல்ல முடியாது. எதைக் கேட்டுத் தெரிந்துகொண்டால் உங்களுக்கே விடை கிடைக்கும் என்பதைச் சொல்ல முடியும்.

முதலில், தொழிற்பிரிவு என்றால் என்ன? பிளஸ் ஒன்னிலும் பிளஸ் டூவிலும் படிக்கும் ஒரு பாடப்பிரிவு, அவ்வளவுதான். ஃபர்ஸ்ட் குரூப், காமர்ஸ் குரூப் போல இதுவும் ஒன்று. 1978-ல் கல்லூரிகளில் இருந்த பி.யு.சி. (புகுமுக வகுப்பு) போய்ப் பள்ளிகளில் மேல்நிலைக் கல்வி வந்தபோதே இதுவும் சேர்ந்து வந்துவிட்டது. தமிழும் ஆங்கிலமும் எல்லோருக்கும் உள்ளதுபோலவே உண்டு. அவற்றோடு தொழிற்பாடம் ஒன்று, கருத்தியலாகவும் (புத்தகத்தில் படிப்பது) செய்முறையாகவும் (கையால் செய்வது) இருக்கும். அந்தத் தொழிலுக்குத் துணையாகக் கணிதம், உயிரியல் போன்ற பாடம் ஒன்று இருக்கும். 'வேலைவாய்ப்புத் திறன்கள்' என்று ஒரு தாளும் உண்டு. மொத்தம் 600 மதிப்பெண், அதே பொதுத்தேர்வு, அதே பிளஸ் டூ சான்றிதழ்.

என்னென்ன தொழில்கள்? அடிப்படை மின் பொறியியல், மின்னணு, இயந்திரவியல், கட்டடம், மோட்டார் வாகனம், நெசவும் ஆடை வடிவமைப்பும், வேளாண் அறிவியல், செவிலியம், உணவு மேலாண்மை, அலுவலக மேலாண்மை, கணக்குப்பதிவும் தணிக்கையும் என்று பட்டியல் போகும். எல்லாம் எல்லாப் பள்ளியிலும் இருக்காது. பெரும்பாலும் ஒரு பள்ளியில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும்.

அப்படியானால் இதுவும் ஐ.டி.ஐ.யும் ஒன்றா? இல்லை. ஐ.டி.ஐ.யில் பிள்ளை நாளின் பெரும்பகுதி பட்டறையில் இருக்கும். முடித்தால் கைக்கு வருவது தொழில் சான்றிதழ். தொழிற்பிரிவில் பிள்ளை பள்ளி மாணவனாகவே இருக்கிறது. முடித்தால் வருவது பிளஸ் டூ சான்றிதழ். சில பள்ளிகளில் 9, 10-ஆம் வகுப்பிலேயே ஒரு தொழிற்பாடத்தைக் கற்றுத்தருகிறார்கள். அது 2013-ல் ஒன்றிய அரசு கொண்டுவந்த தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பின் கீழ் (திறன்களை முதல் படி, இரண்டாம் படி என்று தரம் பிரிக்கும் ஏற்பாடு) நடப்பது. அது வேறு, பிளஸ் டூ தொழிற்பிரிவு வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

சரி, முக்கியமான கேள்விக்கு வருவோம். படிப்பில் பின்தங்கிய பிள்ளை இதில் சேர்ந்தால் உண்மையிலேயே முன்னுக்கு வருமா?

ஒரு மின் பொறியியல் செய்முறை வகுப்பில் ஒரு மதியம் உட்கார்ந்திருந்தேன். மாடிப்படி விளக்குக்கு வயரிங் போடுவது அன்றைய வேலை. கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச். எதைத் தட்டினாலும் விளக்கு எரிய வேண்டும், எதைத் தட்டினாலும் அணைய வேண்டும். மரப்பலகையில் இரண்டு டூ-வே சுவிட்சையும் ஒரு ஹோல்டரையும் பொருத்தி, ஒரு பையன் வயரின் தோலைச் சீவிக்கொண்டிருந்தான். கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கினாலும் உள்ளே இருக்கும் செப்பு இழை அறுந்துவிடும். அவன் ஓர் இழைகூட அறுக்கவில்லை. இணைப்புக் கொடுத்துப் பார்த்தான். கீழ் சுவிட்சுக்கு விளக்கு எரிந்தது. அதை அணைத்துவிட்டு மேல் சுவிட்சைத் தட்டினான், எரியவில்லை.

ஆசிரியர் ஒன்றும் சொல்லவில்லை. பையன் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, விரலால் ஒவ்வொரு வயராகத் தொட்டு, போன வழியிலேயே திரும்பி வந்தான். நடு முனையில் கொடுக்க வேண்டியதை ஓர முனையில் கொடுத்திருந்தான். கழற்றி மாற்றினான். விளக்கு எரிந்தது. அப்போதுதான் ஆசிரியர் வாயைத் திறந்தார்: "60 வாட் பல்பு, தினம் 5 மணி நேரம் எரிஞ்சா மாசத்துக்கு எத்தனை யூனிட்டுடா?" பையன் பல்பைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், "ஒம்போது சார்" என்றான். கணிதத்தில் தட்டுத்தடுமாறிப் பாஸ் ஆனவன் என்று அவனைப் பற்றி முன்னமே சொல்லியிருந்தார்கள்.

அவன் போட்ட கணக்கு புத்தகத்திலும் இருக்கிறதுதான். ஆனால் புத்தகத்தில் அது யாருடைய விளக்கோ. தப்பு நடந்தால் உடனே கண்ணுக்குத் தெரிவது, திட்டு வாங்காமல் தானே திருத்திக்கொள்ள முடிவது, முடித்ததும் ஒரு பொருள் கையில் இருப்பது — சில பிள்ளைகளுக்கு இவை கிடைத்தால் போதும், பள்ளிக்கு ஒழுங்காக வர ஆரம்பித்துவிடும். வருகை சீரானால் மற்றப் பாடங்களும் ஓரளவு தலைநிமிரும். தொழிற்கல்வியால் பிள்ளையின் கல்வி உயரும் என்று சொல்பவர்களின் வாதம் இதுதான். இதில் உண்மை இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

"அப்படியானால் மதிப்பெண்ணும் கூடுமா?" என்று கேட்பீர்கள். இங்கேதான் கவனம் வேண்டும். அமெரிக்காவில் 'கரியர் அகாடமி' என்று ஒரு முறை உண்டு. பெரிய உயர்நிலைப் பள்ளிக்குள்ளேயே ஒரு சிறு பிரிவு, ஒரு தொழில்துறையை மையமாக வைத்துப் பாடம் நடத்தும்; உள்ளூர் நிறுவனங்களில் வேலை அனுபவமும் கிடைக்கும். ஒன்பது பள்ளிகளில் இதற்கு விண்ணப்பித்தவர்களைக் குலுக்கல் போட்டுப் பிரித்து, இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் பள்ளி முடிந்து 8 ஆண்டுகள் வரை பின்தொடர்ந்தார்கள். தேர்வு மதிப்பெண்ணிலும் பட்டத்திலும் இரு சாராருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் இடம் கிடைத்தவர்களின் வருமானம் சராசரியாக 11 சதவீதம் கூடுதலாக இருந்தது. ஆண்களிடம் அது இன்னும் அதிகம்.

இதன் பொருள் என்ன? நல்ல தொழிற்கல்வியின் பலன் மார்க் ஷீட்டில் தெரியாமல் போகலாம், பிற்பாடு வாழ்க்கையில் தெரியலாம். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். மார்க் ஷீட்டில் மட்டும் தெரிந்து, வாழ்க்கையில் ஒன்றுமில்லாமல் போகலாம். அப்படி ஒரு நாட்டில் நடந்தே இருக்கிறது. அந்தக் கதை உங்களுக்கு அவசியம் தெரிய வேண்டும்.

இங்கிலாந்தில் 16 வயதில் பிள்ளைகள் ஜி.சி.எஸ்.இ. என்ற பொதுத்தேர்வை எழுதுகிறார்கள். ஐந்து பாடங்களில் நல்ல தரம் வாங்கியவர்கள் எத்தனை சதவீதம் என்பதை வைத்துப் பள்ளிகளைப் பட்டியலிட்டுப் பத்திரிகைகள் அப்போது வெளியிட்டுவந்தன. பட்டியலில் கீழே போனால் பள்ளிக்குத் தலைவலி. இந்த நிலையில், தொழில் சான்றிதழ்களையும் ஜி.சி.எஸ்.இ.க்குச் சமமாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்று விதி வந்தது. நோக்கம் நல்லதுதான்: கைவேலையும் படிப்புதான், அதற்கும் மதிப்புக் கொடுக்க வேண்டும்.

விதி வந்ததும் பள்ளிகள் கணக்குப் போட்டன. குதிரைப் பராமரிப்புச் சான்றிதழ் ஒன்று நான்கு ஜி.சி.எஸ்.இ.க்குச் சமம். நக அலங்காரச் சான்றிதழ் ஒன்று இரண்டுக்குச் சமம். வரலாறும் பிரெஞ்சும் சொல்லிக்கொடுத்து மல்லுக்கட்டுவதைவிட இது சுலபமாயிற்றே! 16 வயதுக்குள் பிள்ளைகள் எடுத்த இத்தகைய சான்றிதழ்கள் 2004-ல் சுமார் 15,000. 2010-ல் அதே எண்ணிக்கை சுமார் 5,75,000. பள்ளிகளின் தேர்ச்சி ஏறியது. பட்டியலில் இடமும் ஏறியது.

பிள்ளைகளுக்கு என்ன ஆயிற்று? 2011-ல் பேராசிரியர் அலிசன் வுல்ஃப் அரசுக்காக இதை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார். நான்கு பாடத்துக்குச் சமம் என்று பள்ளி சொன்ன சான்றிதழை அடுத்த படியில் இருந்த கல்லூரியோ முதலாளியோ அப்படி மதிக்கவில்லை. அவர்கள் கேட்டது ஆங்கிலமும் கணிதமும். 16 வயதில் அந்த இரண்டிலும் நல்ல தரம் வாங்கியவர்கள் பாதிப் பேர்கூட இல்லை. 16 முதல் 19 வயதுவரை உள்ளவர்களில் குறைந்தது 3,50,000 பேர் தங்களுக்குப் பெரிதாகப் பயன் தராத படிப்புகளில் இருந்தார்கள் என்றார் அவர். அதன்பிறகு அரசு விழித்துக்கொண்டது. பட்டியலில் கணக்கில் எடுக்கப்பட்ட 3,000-க்கும் மேற்பட்ட சான்றிதழ்களை 2014-ஆம் ஆண்டுப் பட்டியலுக்கு 125-ஆகக் குறைத்தது. எந்தச் சான்றிதழும் இனி ஒரு பாடத்துக்குத்தான் சமம் என்றது. ஆங்கிலத்திலும் கணிதத்திலும் தேறாதவர்கள் 16 வயதுக்குப் பிறகும் அவற்றைத் தொடர்ந்து படிக்க வேண்டும் என்றது.

ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் பள்ளியை முடித்துப் போன பிள்ளைகளுக்கு அந்த ஆண்டுகளை யாரும் திருப்பித் தரவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகிறது. அவர்கள் பள்ளி சொன்னபடி கேட்ட பிள்ளைகள்.

"அது இங்கிலாந்து, நமக்கென்ன?" என்று தோன்றலாம். நம் பள்ளிகளை எதை வைத்து அளக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். தேர்ச்சி விகிதம். 'நூறு சதவீதத் தேர்ச்சி' என்று வாசலில் பேனர் கட்டுகிறார்கள். விகிதம் குறைந்த பள்ளியின் தலைமையாசிரியர் மாவட்டக் கூட்டத்தில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் இருக்கும் ஒருவர், கணிதத்தில் தடுமாறும் பிள்ளையை எளிதாகத் தேறக்கூடிய பிரிவுக்குத் தள்ளப் பார்ப்பது இயற்கை. அவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் 'ஈஸியா பாஸ் பண்ணிடுவான்' என்ற வாக்கியத்தில் நன்மை யாருக்கு என்று நீங்கள் ஒரு நிமிடம் நிதானித்துப் பார்க்க வேண்டும். பாஸ் ஆவது பள்ளிக்கு முடிவு. உங்கள் பிள்ளைக்கு அது தொடக்கம்.

இன்னொரு சந்தேகம், பலர் வாய்விட்டுக் கேட்காதது. "இது குலக்கல்வி மாதிரி ஆகிவிடாதா?" நியாயமான கேள்வி. 1953-ல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்றொரு திட்டம் வந்தது. குலக்கல்வி என்று பெயர் வாங்கியது அதுதான். செருப்புத் தைப்பவர் பிள்ளை செருப்புத் தைக்கவும், வெளுப்பவர் பிள்ளை வெளுக்கவும் போக வேண்டுமா என்று நாடே கொதித்தது. 1954-ல் காமராஜர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. தொழிற்கல்வி என்றாலே நம் வீடுகளில் ஒரு முகச்சுளிப்பு இருப்பதற்கு இந்த வரலாறும் ஒரு காரணம். அந்தச் சுளிப்பை நான் மதிக்கிறேன்.

தொழிற்பிரிவு சட்டப்படி அப்படிப்பட்டதல்ல. இதில் பிள்ளையே தேர்ந்தெடுக்கிறது, அப்பாவின் தொழிலுக்கும் இதற்கும் தொடர்பில்லை, பிளஸ் டூ சான்றிதழும் கிடைக்கிறது. ஆனால் ஒன்றை நேரில் போய்ப் பாருங்கள். ஒரு பள்ளியின் தொழிற்பிரிவு வகுப்பில் குறிப்பிட்ட சில தெருக்களின் பிள்ளைகள் மட்டுமே உட்கார்ந்திருந்தால், அங்கே தேர்ந்தெடுத்தது பிள்ளைகளா என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. பெண் பிள்ளை என்றதும் தையலையும் செவிலியத்தையும் மட்டும் காட்டினால் அங்கேயும் கேளுங்கள். மோட்டாரைப் பிரித்துப் பார்க்க ஆசைப்படும் பெண்கள் இருக்கிறார்கள்.

இனி, எந்தெந்தக் கதவு திறக்கும், எது மூடும் என்று பார்ப்போம். சேர்வதற்கு முன்னால் தெரிய வேண்டியது இதுதான்.

பொறியியல் கல்லூரிக்குப் போக முடியுமா? முடியும். அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கும் மற்றக் கல்லூரிகளுக்கும் நடக்கும் கலந்தாய்வில் (தரவரிசைப்படி இடம் ஒதுக்கும் முறை) தொழிற்பிரிவு மாணவர்களுக்கெனத் தனிப் பட்டியலும் தனி இடங்களும் உண்டு. ஆனால் கணிதம், இயற்பியல், வேதியியல் இவற்றில் ஒன்றையாவது பிளஸ் டூவில் படித்திருக்க வேண்டும். ஆகவே அந்தத் துணைப்பாடம் எது என்பதை முதலில் கேளுங்கள். அது பள்ளிக்குப் பள்ளி, பிரிவுக்குப் பிரிவு மாறும். இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். இடம் கிடைத்த பிறகு முதலாண்டில் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் எல்லோருக்கும் பொதுவாக வரும். பிளஸ் டூவில் இயற்பியலையே பார்க்காத பிள்ளை அங்கே மூச்சுத் திணறும். போவதானால் அந்தக் கோடை விடுமுறையிலேயே அடிப்படையைப் படிக்க ஆரம்பிக்க வேண்டும்.

பாலிடெக்னிக்குக்குப் போகலாமா? தாராளமாக. பிளஸ் டூவில் அதற்குரிய பாடங்களைப் படித்துத் தேறியவர்கள் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். இதை லேட்டரல் என்ட்ரி என்பார்கள் (முதலாண்டைத் தாண்டி நேராகச் சேர்வது). ஆனால் இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்தாம் வகுப்பு முடித்ததும் பாலிடெக்னிக் போனால் 3 ஆண்டில் டிப்ளமோ. தொழிற்பிரிவில் 2 ஆண்டு, பிறகு பாலிடெக்னிக்கில் 2 ஆண்டு என்றால் 4 ஆண்டில் அதே டிப்ளமோ. ஓராண்டு கூடுதல். அந்த ஓராண்டுக்குப் பதிலாக பிளஸ் டூ சான்றிதழ் கையில் இருக்கும்.

டிப்ளமோ முடித்தவர் பி.இ.யில் இரண்டாம் ஆண்டில் சேரலாம். அப்படிப் பார்த்தால் பத்தாம் வகுப்புக்குப் பிறகு டிப்ளமோ 3, பி.இ. 3 என்று 6 ஆண்டில் பொறியாளர் ஆகலாம். பிளஸ் டூ 2, பி.இ. 4 என்று போனாலும் அதே 6 ஆண்டு. தொழிற்பிரிவு, டிப்ளமோ, பி.இ. என்று மூன்றையும் தொட்டால் 7. ஆகவே பிள்ளை பொறியியல் பக்கம்தான் போகும் என்பது உறுதியானால், பத்தாம் வகுப்பு முடிந்ததும் நல்ல பாலிடெக்னிக் ஒன்றைப் பார்ப்பதே நேர்வழி. இதைப் பள்ளியில் யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் பள்ளிக்கு ஒரு சேர்க்கை குறையும்.

செவிலியப் பிரிவில் படித்தால் நர்ஸ் ஆகலாமா? இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். தொழிற்பிரிவில் செவிலியம் படித்து பிளஸ் டூ தேறியதால் மட்டும் யாரும் பதிவுபெற்ற செவிலியராகிவிட முடியாது. அதற்குச் செவிலியர் கல்லூரியிலோ பயிற்சிப் பள்ளியிலோ தனியே படித்தாக வேண்டும். பி.எஸ்சி. நர்சிங்குக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் பிளஸ் டூவில் படித்திருக்க வேண்டும். டாக்டர் கனவு இருந்தால், நீட் தேர்வுக்கும் அதே மூன்று பாடங்கள். பெண்ணுக்கு அந்த ஆசை இருந்தால் தொழிற்பிரிவு பக்கமே வராதீர்கள். செவிலியத்தில் டிப்ளமோ போதும் என்றால், மாவட்ட அரசு மருத்துவமனையோடு இணைந்த செவிலியர் பயிற்சிப் பள்ளியில் அந்த ஆண்டின் சேர்க்கை விதியைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

கலை அறிவியல் கல்லூரி? பி.ஏ., பி.காம். போன்றவற்றுக்குத் தடை இல்லை. கணக்குப்பதிவும் தணிக்கையும் படித்த பிள்ளைக்கு பி.காம். முதலாண்டு பழகிய பாதைபோல இருக்கும். பி.எஸ்சி. இயற்பியல், வேதியியல் என்றால் அந்தப் பாடத்தைப் படிக்காமல் போக முடியாது.

நேராக வேலைக்குப் போக முடியுமா? இந்தக் கேள்விக்குப் பதில் தொழிலுக்குத் தொழில் மாறும். முதலாளியோ அரசோ எந்தக் காகிதத்தைக் கேட்கிறது என்பதைப் பாருங்கள். அலுவலக மேலாண்மை படித்த பெண் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-ல் தட்டச்சர் வேலைக்கு விண்ணப்பிக்கிறாள் என்று வையுங்கள். அங்கே கேட்பது பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும், தொழில்நுட்பக் கல்வித் துறை நடத்தும் தட்டச்சுத் தேர்வின் சான்றிதழும். அதை இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்து தனியே எழுதியாக வேண்டும். பள்ளியில் படிக்கும் அந்த இரண்டு ஆண்டில் மாலையில் தட்டச்சும் பழகினால், முடிக்கும்போது இரண்டும் கையில் இருக்கும். அப்படித்தான் மின் வேலைக்கும். வீடுகளுக்கு முறைப்படி வயரிங் செய்ய அரசு கொடுக்கும் தகுதிச் சான்றிதழ் வேண்டும். பிளஸ் டூ மார்க் ஷீட் அதற்கு ஈடாகாது.

பெரும்பாலோருக்குத் தெரியாத வழி ஒன்று இருக்கிறது. அப்ரென்டிஸ் பயிற்சி (சம்பளம்போல உதவித்தொகை வாங்கிக்கொண்டு தொழிற்சாலையிலோ நிறுவனத்திலோ வேலை பழகுவது). 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தை 1986-ல் திருத்தி, பிளஸ் டூ தொழிற்பிரிவு முடித்தவர்களுக்கெனத் தனி வகையைச் சேர்த்தார்கள். ஓராண்டுப் பயிற்சி. தென்மாநிலங்களுக்கு இதைக் கவனிக்கும் தொழில் பழகுநர் பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. சாதாரண ஃபர்ஸ்ட் குரூப் படித்து முடித்தவருக்கு இந்த வகையில் இடமில்லை. உங்கள் பிள்ளைக்கு உண்டு. முடித்த கையோடு பதிவு செய்துவிடுங்கள். பெரிய நிறுவனத்தின் அனுபவச் சான்று 18 வயதில் கையில் இருப்பது சிறிய விஷயமில்லை.

இவ்வளவு வழிகள் இருந்தும் ஏன் இந்தப் பிரிவுக்கு மவுசு இல்லை? 1986-ன் தேசியக் கல்விக் கொள்கை, மேல்நிலை மாணவர்களில் 1995-க்குள் 25 சதவீதம் பேர் தொழிற்பிரிவில் இருப்பார்கள் என்று குறி வைத்தது. அந்தக் குறியை நாடு நெருங்கக்கூட இல்லை. பெற்றோருக்குப் புத்தி இல்லாததால் அப்படி ஆகவில்லை. அடுத்த கதவு தெளிவாகத் தெரியாத அறைக்குள் யார் பிள்ளையை அனுப்புவார்கள்? ஓய்வுபெற்ற தொழிற்கல்வி ஆசிரியரின் இடத்தை நிரப்பாமல் விட்டதாலேயே பிரிவு மூடிப்போன பள்ளிகளும் உண்டு. அங்கே மாணவர்கள் வரவில்லை என்று பதிவேட்டில் எழுதியிருப்பார்கள்.

அதனால் பள்ளியைப் போய்ப் பார்ப்பது அவசியம். முதலில் அந்தத் தொழிற்பாடத்துக்கு நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா என்று கேளுங்கள். "வேற சார் பார்த்துக்கிறார்" என்ற பதில் வந்தால் யோசியுங்கள். மின் பொறியியலை மின் வேலை தெரியாதவர் சொல்லிக்கொடுத்தால், பிள்ளை படத்தை வரைந்து மதிப்பெண் வாங்கும், விளக்கு எரியாது. வாரத்துக்கு எத்தனை நாள் செய்முறை நடக்கிறது என்று ஆசிரியரிடம் கேட்பதைவிட, இப்போது பிளஸ் டூ படிக்கும் மாணவர் ஒருவரிடம் கேளுங்கள். போன ஆண்டு முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். நல்லபடி நடத்தும் ஆசிரியருக்கு ஒவ்வொருவர் பெயரும் ஊரும் வாயில் இருக்கும்.

"கணிதத்தை விட்டுத் தப்பிக்கத்தானே இதில் சேர்க்கிறோம்?" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தப்பிக்க விடாதீர்கள். கணிதம் துணைப்பாடமாக இருந்தால் அதை விரும்பியே எடுக்கச் சொல்லுங்கள். ஆங்கிலத்தையும் அப்படியே. இங்கிலாந்துப் பிள்ளைகளைக் கடைசியில் தடுத்தது இந்த இரண்டும்தான். கையால் செய்து பார்த்துக் கணக்குப் புரிய ஆரம்பித்த பிள்ளை, ஒருவேளை பழைய பயத்தை அங்கேயே விட்டுவிடலாம்.

சேர்ந்த பிறகு பிடிக்கவில்லை என்றால்? பிளஸ் ஒன் தொடங்கிய முதல் சில வாரங்களுக்குள் தலைமையாசிரியரிடம் சொன்னால், இடம் இருக்கும் பட்சத்தில் பிரிவை மாற்றிக்கொள்ளலாம். தள்ளிப்போட்டால் கடினம். பள்ளியே பிடிக்கவில்லை, கைவேலைதான் வேண்டும் என்று பிள்ளை சொன்னால் ஐ.டி.ஐ.யைத் தாழ்வாக நினைக்காதீர்கள். தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர்கள் தமிழ், ஆங்கில மொழித்தாள்களை எழுதித் தேறினால் பிளஸ் டூவுக்கு இணையான சான்று பெற வழி இருக்கிறது. கல்லூரிக் கதவு அங்கேயும் சாத்தப்படவில்லை.

பள்ளிக்குப் போகும் நாளில் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். செய்முறைக் கூடத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பூட்டைத் திறக்கச் சாவி தேட வேண்டியிருந்தால் அதைக் கவனித்துக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் சுவரில் மாட்டிய சார்ட்டுகளைப் பார்த்துக்கொண்டு நிற்காமல், மூலையில் இருக்கும் குப்பைக்கூடையை எட்டிப் பாருங்கள். வெட்டிப்போட்ட வயர்த் துண்டுகள், துணி ஓரங்கள், இரும்புச் சீவல் ஏதாவது கிடக்கிறதா? கிடந்தால் ஆசிரியரிடம் பேச உட்காருங்கள்.